ஸ்டூடியோ இன்டர்ஃபேஸை மேடைக்கு ஏத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

லாக்டவுன் சமயத்துல வீட்ல ரெக்கார்டிங் பண்றதுக்குன்னு, மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கற ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினவங்க நிறைய பேர், இப்ப முகூர்த்த சீசன் வந்ததும் அதையே மேடைல மிக்ஸருக்குப் பதிலா வச்சிக்கலாமான்னு கேட்டு எழுதியிருக்கீங்க. அதனால இந்த மாசம் மத்த கேள்விகளை ஒதுக்கி வச்சிட்டு இது சம்பந்தமா வந்ததுக்கு மட்டும் பதில் சொல்றேன். சில பதில் நீளமா போகும், பொறுமையா படிங்க.

"எங்க மெல்லிசைக் குழுவுல ரெண்டு பாடகர், ஒரு பாடகி, கீபோர்டு, பேஸ், லீட் கிட்டார், தபேலா, டோலக், ரிதம் பேட், டிரம்ஸ். வீட்ல பெஹ்ரிங்கர் யூஎம்சி1820 இன்டர்ஃபேஸும் ஐ7 லேப்டாப்பும் ரீப்பர் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரும் இருக்கு. கூட எட்டு மைக் சேக்கற ஏடிஏ8200 பெட்டி ஒண்ணு வாங்கிட்டா 16 மைக் ஆயிடும். ரிசப்ஷன் கச்சேரிக்கு ஒவ்வொரு தடவையும் மிக்ஸரை வாடகைக்கு எடுக்காம இதையே வச்சு லைவா மிக்ஸ் பண்ணலாமா சார்? சத்தத்தை மெருகேத்தற நல்ல ப்ளக்இன் எல்லாம் என்கிட்ட இருக்கு."
– குழு நடத்தும் வாசகர், கும்பகோணம்

பண்ண முடியுமான்னு கேட்டா முடியும். ஆனா நீங்க சொல்ற இந்த முறையில வேணாம், ஏன்னு விவரமா சொல்றேன்.

பாடகர் மைக்ல பாடினது இன்டர்ஃபேஸ்ல டிஜிட்டலா மாறி, யூஎஸ்பி வழியா லேப்டாப்புக்குப் போயி, ரீப்பர்ல ப்ளக்இன் எல்லாத்தையும் தாண்டி, திரும்ப அதே யூஎஸ்பில வந்து, அனலாகா மாறி, அப்புறம்தான் ஸ்பீக்கருக்குப் போகுது. லேப்டாப் சத்தத்தை ஒவ்வொரு சாம்பிளா வாங்காது, கொஞ்சம் சேர்ந்தப்புறம் மொத்தமா வாங்கும், அந்த அளவுக்குப் பேர்தான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள்ல, 128 சாம்பிள் பஃபர் வச்சீங்கன்னா அது நிரம்ப 2.7 மில்லிசெகண்டு ஆகும், உள்ள வரும்போது ஒரு தடவை வெளிய போகும்போது ஒரு தடவை, ஆக 5.3. அதுக்கு மேல கன்வர்ட்டர் எடுத்துக்கற நேரம், டிரைவர் தன் பாதுகாப்புக்காக வச்சிக்கற கூடுதல் பஃபர், எல்லாம் சேர்ந்தா இன்டர்ஃபேஸைப் பொறுத்து 7ல இருந்து 10 மில்லிசெகண்டு கிட்ட போயிடும். சரி 64க்கு இறக்கலாம் 32க்கு இறக்கலாம்னா, 16 சேனல்லயும் சத்தத்தோட நிறத்தை மாத்தற ஈக்யூவும் ஏத்த இறக்கத்தை அமுக்கற கம்ப்ரஸரும் ஓடும்போது ப்ராசஸரால அந்த நேரத்துக்குள்ள கணக்கை முடிச்சுக் கொடுக்க முடியாது, டிக் டிக்னு சத்தம் வரும், சில சமயம் ஒரு நொடி ஆடியோவே போயிடும். வீட்ல இப்படி ஆனா இன்னொரு டேக் எடுத்துக்கலாம், மேடைல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மொத்த பேரும் திரும்பி உங்களைத்தான் பாப்பாங்க.

இந்த 8, 10 மில்லிசெகண்டு கீழ உக்காந்திருக்கற ஜனங்களுக்குப் பெரிய விஷயமே இல்ல. சத்தம் காத்துல ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர்தான் போகும், அப்ப 10 மில்லிசெகண்டுங்கறது ஸ்பீக்கரை மூணரை மீட்டர் பின்னாடி தள்ளி வச்ச கணக்குதான், அதை யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. பிரச்சனை பாடறவங்களுக்கு. தன் குரல் தனக்கு எலும்பு வழியாவே உடனே கேட்டுடும், காதுல மாட்டியிருக்கற இயர் மானிட்டர்ல அதே குரல் கொஞ்சம் தாமதமா வந்து அதோட கலக்கும், கலந்ததும் சில ஸ்வரம் எடுப்பா கேக்கும், சில ஸ்வரம் காணாம போகும். பாட்டுக்காரர் என்ன சொல்வாருன்னா "என் குரல் ஏதோ குழாய்க்குள்ள இருந்து வருது, இன்னும் ஏத்துங்க"ம்பார், நீங்க ஏத்துவீங்க, அவர் இன்னும் கத்திப் பாடுவார், மூணாவது பாட்டுல தொண்டை கட்டிடும். தபேலா வாசிக்கறவருக்கும் இதே கதிதான், விரல் படறதுக்கும் காதுல விழறதுக்கும் நடுவுல இடைவெளி வந்தா கை தானா தயங்க ஆரம்பிச்சிடும், லயம் இழுக்கும். கீழ தரைல வெட்ஜ் மானிட்டர் வச்சிருந்தா கொஞ்சம் தாக்குப் பிடிக்கலாம், ஆனா அந்த வெட்ஜே ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்குன்னா அதுவே 4 மில்லிசெகண்டு, அதையும் கூட்டிக்கணும்.

டிஜிட்டல் மிக்ஸர்லயும் இதே அனலாக் டிஜிட்டல் மாத்தமெல்லாம் நடக்குதேன்னு கேப்பீங்க. நடக்குது, ஆனா எக்ஸ்32, எக்ஸ்ஆர்18 மாதிரி மிக்ஸர்ல மைக்ல போயி அவுட்ல வர்றதுக்கு ஒரு மில்லிசெகண்டு கூட ஆகறதில்ல, ஏன்னா அந்த டிஎஸ்பி சிப்புக்கு மிக்ஸிங்கைத் தவிர வேற வேலையே கிடையாது. உங்க லேப்டாப் அதே நேரத்துல வைஃபை தேடும், ஆன்டிவைரஸ் ஓட்டும், அப்டேட் இறக்கும்.

அப்ப லேப்டாப்ல லைவ் மிக்ஸ் யாருமே பண்றதில்லையான்னா பண்றாங்க. ஆர்எம்எல் லேப்ஸோட சாக்ங்கற சாஃப்ட்வேர் இதுக்குன்னே எழுதினது, கம்ப்யூட்டரையே முழு மிக்ஸரா ஆக்கி பல வருஷமா ஓட்டினவங்க இருக்காங்க, ஆனா அவங்க அந்தக் கம்ப்யூட்டரை வேற எதுக்கும் தொட மாட்டாங்க. வேவ்ஸ் கம்பெனியோட எல்வி1 மிக்ஸர்ல ப்ளக்இனும் மிக்ஸிங்கும் தனி சர்வர்ல ஓடும், எதிர்ல இருக்கற கம்ப்யூட்டர் வெறும் கன்ட்ரோல்தான், அது ஹேங் ஆனாலும் சத்தம் நிக்காது. பெரிய கம்பெனிக்காரனே சத்தம் போற வழியில இருந்து சாதாரண கம்ப்யூட்டரை ஒதுக்கித்தான் வைக்கறான்ங்கறதைக் கவனிங்க.

உங்களுக்கு என் யோசனை இதுதான். ஏடிஏ8200க்குப் போற பணத்தோட இன்னும் கொஞ்சம் சேத்து 16 மைக் இன்புட் இருக்கற, டேப்லெட்ல இருந்து இயக்கற மிக்ஸரா ஒண்ணு வாங்கிடுங்க, எக்ஸ்ஆர்18 மாதிரி, பழசு கிடைச்சாலும் ஓட்டிப் பாத்து எடுக்கலாம். அதுவே யூஎஸ்பில 18 சேனல் உள்ள 18 சேனல் வெளிய போற இன்டர்ஃபேஸும் கூட, அதனால வீட்ல ரெக்கார்டிங்குக்கும் ஆச்சு. ஆறு ஆக்ஸ் அவுட் இருக்கு, மேடைல ஆறு பேருக்கு ஆறு விதமா மானிட்டர் கொடுக்கலாம். மிக்ஸர்லயே இருக்கற வைஃபையை நம்பாம தனியா 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒண்ணு வச்சிக்கங்க, மண்டபத்துல ஐநூறு போன் நுழைஞ்சா 2.4ல டேப்லெட் கனெக்ஷன் அறுந்து அறுந்து வரும். உங்க ப்ளக்இனும் வீண் போகாது, அது எங்க உக்காரணும்னு அடுத்த கேள்வில பாப்போம்.

"ஸ்டூடியோல எங்க பாடகிக்கு நான் போடற ப்ளக்இன் செயின்ல குரல் அப்படியே சினிமா பாட்டு மாதிரி இருக்கும். அதே செயினை லைவ்ல போட்டா ஃபீட்பேக் கூவுது. எந்த ப்ளக்இன் லைவுக்கு சரியா வரும்?"
– ஹோம் ஸ்டூடியோ வச்சிருக்கும் வாசகர், திருப்பூர்

ப்ளக்இன் மேல தப்பில்ல, ஸ்டூடியோவுல மைக்குக்கு எதிர்ல ஸ்பீக்கர் கிடையாது, இங்க இருக்கு, வித்தியாசம் அவ்வளவுதான். உங்க செயின்ல கம்ப்ரஸர் எவ்வளவு அமுக்குதுன்னு மீட்டரைப் பாருங்க, ஸ்டூடியோ பழக்கத்துல 8, 10 டெசிபெல் அமுக்கி அதை ஈடு கட்ட அதே அளவு மேக்கப் கெயின் ஏத்தியிருப்பீங்க. பாடகி பாடிட்டு இருக்கற வரைக்கும் கம்ப்ரஸர் பிடிச்சு வச்சிருக்கும், சரணம் முடிச்சு மூச்சு வாங்க நிறுத்தினதும் அது பிடியை விடும், அந்த நொடி மைக் 10 டெசிபெல் கூடுதலா திறந்து கிடக்கு, பக்கத்துல இருக்கற டிரம்ஸையும் மானிட்டரையும் வாரி எடுத்து கூவ ஆரம்பிச்சிடும். சாச்சுரேஷன் ப்ளக்இனும் இதே வேலையைத்தான் பண்ணும், சின்ன சத்தத்தையெல்லாம் மேல தூக்கிடும். ஸ்டூடியோவுல நாலு ப்ளக்இன் ஆளுக்கு 3 டெசிபெல் ஏத்தினா யாருக்கும் தெரியாது, மேடைல அந்த 12 டெசிபெல்தான் கச்சேரிக்கும் கூச்சலுக்கும் நடுவுல இருக்கற மொத்த இடமே.

அதனால லைவ்ல குரலுக்கு அமுக்கறது 3, 4 டெசிபெல் போதும், மேக்கப் கெயினை சைபர்ல வைங்க, 100 ஹெர்ட்ஸ் கிட்ட லோ கட் போடுங்க, இதுக்கெல்லாம் மிக்ஸர்ல இருக்கறதே தாராளம். குறையற சத்தத்துல மைக்கைத் தானா கொஞ்சம் இறக்கி வைக்கற எக்ஸ்பாண்டர் வகை ப்ளக்இன், வேவ்ஸ் பிஎஸ்இ மாதிரி, லைவ்காரங்க விரும்பிப் போடறதுக்குக் காரணம் இதுதான், அது கம்ப்ரஸருக்கு நேர் எதிர் வேலை பண்ணுது.

தாமதத்தையும் பாக்கணும். லீனியர் ஃபேஸ் ஈக்யூ, லுக்அஹெட் இருக்கற லிமிட்டர், நாய்ஸ் ரிடக்‌ஷன் இதெல்லாம் முன்னாடி வரப் போற சத்தத்தைப் பாத்துட்டுதான் வேலை செய்யும், அப்படிப் பாக்கறதுக்காக சத்தத்தைப் பிடிச்சு வச்சிக்கும். மிக்ஸிங்ல சாஃப்ட்வேர் மத்த டிராக்கையும் அதுக்கேத்த மாதிரி தள்ளி வச்சு சரிக்கட்டிடும், நமக்குத் தெரியாது. லைவ்ல நேரத்தைப் பின்னாடி இழுக்க யாராலும் முடியாதுங்கறதால சரிக்கட்டறதுன்னா எல்லாரையும் சேத்து லேட் ஆக்கறதுதான். ரீப்பர்ல எஃப்எக்ஸ் விண்டோவுக்குக் கீழ ஒவ்வொரு ப்ளக்இனும் எத்தனை சாம்பிள் தாமதம்னு காட்டும், அதுல சைபர் இல்லன்னா லைவுக்கு வேணாம்.

எதிரொலி சேக்கற ரிவெர்ப், டிலே ரெண்டும்தான் லேப்டாப்ல இருந்து வர்றதுக்குப் பொருத்தமானது. ரிவெர்ப் 8 மில்லிசெகண்டு லேட்டா வந்தா அது குரலுக்கும் ரிவெர்ப்புக்கும் நடுவுல வேணும்னே விடற ப்ரீடிலே இடைவெளி மாதிரிதான், கெட்டுப் போறதுக்கு ஒண்ணுமில்ல, சொல்லப் போனா குரல் இன்னும் தெளிவா பிரிஞ்சு கேக்கும். கனெக்‌ஷன் இப்படி வைங்க: மிக்ஸர்ல ஒரு ஆக்ஸ் அவுட்டை பேலன்ஸ்டு டிஆர்எஸ் கேபிள்ல இன்டர்ஃபேஸோட லைன் இன்புட்டுக்குக் கொடுங்க, ரீப்பர்ல ரிவெர்ப்போட டிரை சத்தத்தை, அதாவது மூலக் குரலை, முழுசா மூடிட்டு எதிரொலியான வெட் மட்டும் 100 வைங்க, இன்டர்ஃபேஸ் அவுட்டை மிக்ஸர்ல ஒரு ஸ்டீரியோ சேனலுக்குக் கொண்டு வாங்க, அந்த சேனல்ல மட்டும் அதே ஆக்ஸ் குமிழைத் தொடவே தொடாதீங்க, தொட்டா சத்தம் தன்னையே சுத்தி வந்து ஊளையிடும். இன்டர்ஃபேஸ்ல லெவல் மைனஸ் 12 டெசிபெல் கிட்ட நிக்கட்டும். நடுவுல லேப்டாப் தொங்கிப் போனாக் கூட போறது ரிவெர்ப் மட்டும்தான், குரல் அதுபாட்டுக்கு ஓடும்.

ஒண்ணு சேத்துச் சொல்லிடறேன், டைல்ஸ் தரையும் உயரமான கூரையும் இருக்கற மண்டபத்துல ஏற்கனவே போதுமான எதிரொலி இருக்கு, அங்க ஸ்டூடியோ ஹால் ரிவெர்ப்பைப் போட்டா வரிகள் புரியாது. சின்ன ப்ளேட் ரிவெர்ப், 250 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டி விட்டது, அது போதும். மெலடிக்கு டெம்போவுக்கு ஏத்த டிலேதான் அழகு, 60,000த்தை டெம்போவால வகுத்தா ஒரு பீட்டுக்கு எத்தனை மில்லிசெகண்டுன்னு வந்துடும், 96 டெம்போ பாட்டுக்கு 625. பல்லவி கடைசி வார்த்தைக்கு மட்டும் அந்த டிலேவைத் திறந்து விட்டு மூடுங்க, கேக்கறவங்களுக்கு அப்படியே ரெக்கார்டுல கேட்ட உணர்வு வரும்.

"அனலாக் மிக்ஸரோட பாடகர் சேனலை ரெண்டா பிரிச்சு, ஒண்ணு நேரா மிக்ஸர்ல, இன்னொண்ணு லேப்டாப்ல நல்லா கம்ப்ரஸ் பண்ணி வேற சேனல்ல கொண்டு வந்து கலக்கறேன், பேரலல் கம்ப்ரஷன். குரல் கனமா வரும்னு பாத்தா தகரம் மாதிரி மெலிஞ்சு போகுது. ஃபேஸ் பட்டனைத் தட்டினாலும் சரியாகல."
– சவுண்ட் சர்வீஸ் வாசகர், நாகர்கோவில்

ஃபேஸ் பட்டன் அலையைத் தலைகீழா திருப்பும், நேரத்தை மாத்தாது, அதான் சரியாகல. ஒரே குரல் ரெண்டு வழியா வருது, ஒண்ணு உடனே, ஒண்ணு லேப்டாப் போயிட்டு லேட்டா. ரெண்டும் கலக்கும்போது சில அதிர்வெண் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு காணாம போகும். கணக்கு சுலபம், தாமதம் ஒரு மில்லிசெகண்டுன்னா முதல் பள்ளம் 500 ஹெர்ட்ஸ்ல விழும், அப்புறம் 1500, 2500ன்னு வரிசையா. 5 மில்லிசெகண்டுன்னா 100, 300, 500, 700ன்னு குரல் இருக்கற இடம் பூரா பள்ளம்தான். ரெண்டு சேனல் ஃபேடரும் சமமா இருந்தா பள்ளம் ரொம்ப ஆழமா இருக்கும், அதனாலதான் நீங்க லேப்டாப் சேனலை ஏத்த ஏத்த குரல் மெலியுது.

நீங்களே செஞ்சு பாக்க ஒரு வழி இருக்கு. ரீப்பர்ல அந்த டிராக்ல ஒரு ப்ளக்இனும் இல்லாம ஆக்கிடுங்க, ரெண்டு ஃபேடரையும் ஒரே அளவுல வச்சு மைக்ல "ஸ்ஸ்ஸ்"னு நீளமா சொல்லுங்க, சொல்லிட்டே பஃபரை 64, 128, 256ன்னு மாத்தச் சொல்லுங்க, ஒவ்வொரு தடவையும் அந்த "ஸ்ஸ்"ஸோட நிறம் மாறும், தாமதம்தான் காரணம்ங்கறது காதுக்கே தெரிஞ்சிடும்.

தீர்வு ரெண்டு. பேரலல் வேணும்னா ரெண்டு வழியும் லேப்டாப்புக்குள்ளயே இருக்கணும், கம்ப்ரஸர்லயே இருக்கற மிக்ஸ் குமிழை வச்சு கலந்துட்டு ஒரே சத்தமா வெளிய வரணும், அப்ப ரெண்டும் சேந்தே லேட் ஆகறதால பள்ளம் விழாது. இல்லன்னா பேரலலை விட்டுட்டு மிக்ஸர் இன்சர்ட்ல ஒரு சாதா ஹார்டுவேர் கம்ப்ரஸரைப் போடுங்க, பழைய டிபிஎக்ஸ் பெட்டி சவுண்ட் சர்வீஸ்காரங்ககிட்ட எங்கயாவது கிடக்கும். உங்க வேலைக்கு நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன், தினம் தினம் இடம் மாறி மாறி மாட்டறீங்க, குரல் போற பாதைல ஒயரும் பெட்டியும் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது.

"ஏசியோ4ஆல் போட்டா லேப்டாப் சவுண்ட் கார்டே போதும்ங்கறாங்களே?"
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பாட்டு ட்ராக் ஓட்டறதுக்குப் போதும். மைக் உள்ள வந்து வெளிய போற வேலைக்குப் போதாது. ஏசியோங்கறது 1997ல ஸ்டைன்பெர்க் கொண்டு வந்த முறை, இன்டர்ஃபேஸ் கம்பெனி தன் ஹார்டுவேருக்குன்னு எழுதற டிரைவர் அது. ஏசியோ4ஆல் விண்டோஸோட சாதா டிரைவர் மேல போர்த்தின போர்வை, அடியில இருக்கற ஹார்டுவேர் அதேதான். கூடவே லேப்டாப்ல எக்ஸ்எல்ஆர் மைக் குத்தவும் இடமில்ல, கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபேன்டம் கரன்டும் கிடையாது.

"ஒரு பாடகருக்கு சுருதி லேசா விலகும். ஆட்டோட்யூன் லைவா போட்டுடலாமா அண்ணா?"
– கீபோர்டு வாசிக்கும் வாசகர், சேலம்

போடலாம் தம்பி, லைவுக்குன்னே தாமதம் குறைச்ச மோடு அதுல இருக்கு. ஆனா நம்ம பாட்டுக்கு அது எப்படி நடந்துக்கும்னு தெரிஞ்சுட்டுப் போடுங்க. அது கேக்கற குரலை நீங்க கொடுத்த ஸ்கேல்ல இருக்கற பக்கத்து ஸ்வரத்துக்கு இழுக்கும். நம்ம மெலடில ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுலதான் உயிரே இருக்கு, கமகமா அசைச்சுப் பாடற இடத்தையும் பிருகாவையும் அது தப்புன்னு நினைச்சு படிப்படியா வெட்டி விட்டுடும், கேக்க ஆர்கன் வாசிச்ச மாதிரி ஆயிடும். அப்படி இழுக்கற ரீட்யூன் வேகத்தை நல்லா குறைச்சா அசைவு தப்பிக்கும், ஆனா திருத்தமும் குறைஞ்சிடும். பாட்டுக்குப் பாட்டு ஸ்கேல் மாத்தணும், மறந்தா சரியா பாடினதையும் தப்பாக்கிடும். மைக்ல பக்கத்து டிரம்ஸும் கீபோர்டும் நுழைஞ்சா எந்த ஸ்வரம்னு அதுக்கே குழப்பம் வந்து குரல் துள்ளும். எல்லாத்துக்கும் மேல, திருத்தின குரலை அவர் மானிட்டர்ல கொடுத்துடாதீங்க, தன் குரல் ஒரு இடத்துல, காதுல வர்றது வேற இடத்துலன்னா மனுஷன் இன்னும் விலகித்தான் போவார்.

முதல்ல அவர் மானிட்டர்ல என்ன கேக்குதுன்னு போயி நின்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் தாளம் மட்டும் முழங்கும், சுருதி பிடிக்க ஒண்ணும் இருக்காது. கீபோர்டுல நீளமா நிக்கற பேட் சத்தத்தையும் பேஸ் கிட்டாரையும் கொஞ்சம் ஏத்தி, ரிதம் பேடை இறக்கிக் கொடுங்க. சுருதி விலகற பாடகர்ல நிறைய பேருக்கு இதுவே போதுமானதா இருக்கும்.

"எங்க சர்ச்சில் ஞாயிறு ஆராதனையை யூடியூப்ல லைவ் போடறோம். ஹாலுக்குள்ள பாட்டுக் குழு சத்தம் நல்லா இருக்கு, லைவ்ல பாத்தா டிரம்ஸே கேக்கல, குரல் மட்டும் தனியா நிக்குது. ஸ்டூடியோ ப்ளக்இன் இதுக்கு உதவுமா?"
– வாசகி, பாளையங்கோட்டை

நல்லா உதவும்மா. இந்த மாசம் வந்ததுலயே லேப்டாப்பும் ப்ளக்இனும் முழுசா பொருந்தி வர்ற இடம் உங்களோடதுதான்.

ஹாலுக்குள்ள டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்பும் நேராவே காதுல விழறதால மிக்ஸ் பண்றவர் அதை ஸ்பீக்கர்ல ஏத்த மாட்டார், குரலை மட்டும் ஏத்துவார். அதே மிக்ஸை யூடியூப்புக்கு அனுப்பினா மிக்ஸர்ல என்ன இருக்கோ அது மட்டும்தான் போகும், அதான் டிரம்ஸ் காணோம். அதனால லைவுக்குத் தனி மிக்ஸ் வேணும். உங்க மிக்ஸர் டிஜிட்டலா இருந்து யூஎஸ்பில எல்லா சேனலும் தனித்தனியா வருதுன்னா, ஒரு கேபிள்ல லேப்டாப்புக்குக் கொண்டு வந்து ரீப்பரோ கியூபேஸோ ஏதாவது ஒண்ணுல, பக்கத்து ரூம்ல ஹெட்போன் போட்டு உக்காந்து ஸ்டூடியோ மாதிரியே மிக்ஸ் பண்ணுங்க. யூஎஸ்பிக்குப் போறது ஃபேடருக்கு முன்னாடி எடுத்ததா இருக்கணும், ஹால்ல ஒருத்தர் ஃபேடரை அசைச்சா உங்க மிக்ஸ் அசையக்கூடாது. இங்க மைக்குக்கு எதிர்ல ஸ்பீக்கர் இல்ல, பாடறவங்க காதுக்கும் இது போறதில்ல, அதனால பஃபரை 512, 1024ன்னு தாராளமா வச்சிக்கலாம், லுக்அஹெட் லிமிட்டர் கூட போடலாம்.

ஹால்ல ரெண்டு மைக்கை ஜனங்க பக்கம் திருப்பி வச்சு அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கலந்தா சபையா சேந்து பாடற உணர்வு வரும், அது இல்லாம எவ்வளவு நல்லா மிக்ஸ் பண்ணாலும் ஆராதனை மாதிரியே இருக்காது. அந்த மைக் மேடைல இருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தா மேடைச் சத்தம் அதுக்கு 44 மில்லிசெகண்டு லேட்டா போய்ச் சேரும், அதனால மத்த சேனல் எல்லாத்தையும் சேத்து அதே அளவு டிலே பண்ணிக்கங்க, எதிரொலி மாதிரி இழுக்கறது போயிடும். அப்புறம் வீடியோ. கேமராவும் கேப்ச்சர் கார்டும் படத்தை ஆடியோவை விட லேட்டாத்தான் கொடுக்கும், ஒருத்தரை கேமரா முன்னாடி நின்னு கை தட்டச் சொல்லி ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க, சத்தம் எவ்வளவு முந்துதோ அதை லைவ் அனுப்பற ஓபிஎஸ் சாஃப்ட்வேர்ல சிங்க் ஆஃப்செட்ல போட்டுடுங்க. சத்த அளவைப் பொறுத்தவரை, யூடியூப்ல ஏறி இருக்கற வீடியோ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ங்கற (சராசரி சத்தத்தை அளக்கற கணக்கு) அளவுக்கு மேல இருந்தா அது தானே இறக்கிடும், அதனால லிமிட்டரை வச்சு நசுக்க வேண்டிய அவசியமே இல்ல.

"லேப்டாப்பை மிக்ஸர்ல சொருகினதும் கொர்ர்னு ஒரு சத்தம். சார்ஜரைக் கழட்டினா நின்னுடுது. எர்த் பின்னை உடைச்சுட்டா சரியாகும்னு ஒருத்தர் சொன்னார்."
– ரிதம் பேட் வாசிக்கும் வாசகர், விழுப்புரம்

உடைச்சுடாதீங்க, அப்படிச் சொன்னவர்கிட்டயும் சொல்லிடுங்க. மேடைல எர்த் இல்லாத ஒரு பெட்டில கசிவு வந்தா அது வெளிய போற வழி, ஒரு கைல கிட்டார் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உதட்டை மைக்ல வச்சிருக்கற ஆள் உடம்புதான். உயிர் போற விஷயம் இது.

சார்ஜரைக் கழட்டினா நிக்குதுன்னா சத்தம் சார்ஜர் வழியாதான் வருதுன்னு நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க. முதல்ல லேப்டாப், இன்டர்ஃபேஸ், மிக்ஸர் மூணையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகுங்க, ஒண்ணு மேடைல ஒண்ணு பந்தல் பின்னாடின்னு வேற வேற இடத்துல கரன்ட் எடுத்தா ரெண்டு எர்த்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் ஆடியோ கேபிள்லதான் ஓடும். அப்பவும் நிக்கலன்னா இன்டர்ஃபேஸ் அவுட்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவுல ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கற டிஐ பாக்ஸோ ஐசொலேட்டரோ போடுங்க, அதுல இருக்கற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் ஆடியோ கேபிளோட ஷீல்டை மட்டும்தான் பிரிக்கும், கரன்ட் எர்த்தைத் தொடாது, அதனால அது பாதுகாப்பு. ஹெட்போன் ஜாக்ல இருந்து நேரா மிக்ஸருக்குப் போறவங்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

"திருவிழா கச்சேரி, ஜெனரேட்டர் ஒரு நொடி விட்டுப் பிடிச்சது. லேப்டாப் பேட்டரில ஓடிட்டுதான் இருந்தது, ஆனா ட்ராக் நின்னு போயி திரும்ப வரவே இல்ல. ஏன்?"
– வாசகர், தேனி

லேப்டாப் நிக்கல, அடாப்டர்ல ஓடற இன்டர்ஃபேஸ் நின்னு மறுபடி ஆன் ஆயிருக்கும். அது காணாம போன அந்த நொடில சாஃப்ட்வேர் டிரைவரை விட்டுடும், திரும்ப நீங்களே போயி செட்டிங்ல தேர்ந்தெடுத்தாத்தான் பிடிக்கும். ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி இன்டர்ஃபேஸையும் மிக்ஸரையும் ரவுட்டரையும் அதுல மாட்டுங்க, ஸ்பீக்கரையும் ஆம்ப்பையும் மாட்டாதீங்க, தாங்காது. வெறும் ட்ராக்கும் தாளம் காட்டற க்ளிக்கும்தான் ஓட்டறீங்கன்னா யூஎஸ்பிலயே கரன்ட் எடுக்கற நாலு அவுட் இன்டர்ஃபேஸ் போதும், ரெண்டு அவுட் ட்ராக்குக்கு, ஒண்ணு டிரம்மர் காதுக்குப் போற க்ளிக்குக்கு. மைக் எதுவும் உள்ள வராததால பஃபரை 1024 வைங்க, லேப்டாப் எவ்வளவு திணறினாலும் விட்டுப் போகாது. வைஃபை ஆஃப், ப்ளூடூத் ஆஃப், பவர் செட்டிங்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் ஆஃப். லேட்டன்சிமான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, கச்சேரிக்கு முந்தின நாள் அரை மணி நேரம் ஓட விட்டா எந்த டிரைவர் தொல்லை பண்ணுதுன்னு பேரோட காட்டிக் கொடுத்துடும். அதே ட்ராக்கை ஒரு போன்ல ஏத்தி, மிக்ஸர்ல வேற சேனல்ல சொருகி ரெடியா வச்சிக்கங்க.

"எக்ஸ்ஆர்18ல நேத்து கச்சேரியை ரெக்கார்ட் பண்ணி இன்னிக்கு அதை வச்சே சவுண்ட் செக் பண்ணலாம்ங்கறாங்க, நிஜமா?"
– வாசகர், யாழ்ப்பாணம்

நிஜம்தான், அருமையான வசதி. ஒவ்வொரு சேனலும் தனியா ரெக்கார்ட் ஆகும், அடுத்த நாள் சேனல் இன்புட்டை மைக்ல இருந்து யூஎஸ்பிக்கு மாத்தினா குழு வர்றதுக்கு முன்னாடியே அதே சேனல்ல நேத்து வாசிச்சது வரும், ஈக்யூ, ரிவெர்ப் எல்லாத்தையும் அந்த மண்டபத்துக்கு ஏத்த மாதிரி நிதானமா சரி பண்ணலாம். புது ப்ளக்இன் பழகிப் பாக்கறதுக்கும் இதை விட நல்ல வழி இல்ல, கூட்டம் இல்ல, பயம் இல்ல. ஒரு சேனல் 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்ல மணிக்கு 518 எம்பி பிடிக்கும், 18 சேனல்னா மணிக்கு 9.3 ஜிபி, மூணு மணி நேரக் கச்சேரிக்கு 28 ஜிபி, எஸ்எஸ்டில இடம் பாத்துக்கங்க. ஃபீட்பேக் வருமான்னு மட்டும் இதுல தெரியாது, மைக் திறந்திருக்காதே, அதனால கடைசில ஒரு தடவை மைக்குக்கு மாத்தி, பாடறவங்களை நிக்க வச்சுப் பாத்துடணும். மாத்தறதுக்கு மறக்காம இருக்க எல்லா சேனலும் மைக்ல இருக்கற செட்டிங்கை ஒரு சீனா சேவ் பண்ணி வைங்க, குழு மேடை ஏறும்போது அதை ஒரு தட்டு தட்டினா போதும்.